அறுக்க ஒரு நல்ல நேரம்

கொஞ்சம் நகந்து உக்காரும்மா. ஜன்னல் சீட்டை எனக்கு விடேன், புண்ணியமாப் போவும். கொமட்டுது. பஸ்ஸுல ஏறினா வர்ற கொமட்டல் இல்ல இது. நாலு நாளா விழுப்புரத்துல ஆஸ்பத்திரியில கெடந்துட்டு வர்றேன். அந்த நாத்தம் மூக்குலயே குடியிருக்கு. பினாயில், ரத்தம், மூத்திரம், அதுக்கு நடுவுல கேன்டீன்ல ஒருத்தன் சாம்பார் தாளிக்கிறான். சீ! எப்படித்தான் மனுஷங்க அங்க உக்காந்து வாய் நிறைய திங்கறாங்களோ. சத்துணவுக் கூடத்துல இருபது வருஷம் பொறுப்பா இருந்தவ நான். பல்லி விழுந்த சோத்தைக் கூட பாத்திருக்கேன். இந்த மாதிரி கொமட்டினதில்ல.

எனக்கு அரகண்டநல்லூர். நீ திருக்கோவிலூரா? சரி, கடைசி வரைக்கும் பேச்சுத்தொணை ஆச்சு. இந்த பஸ்ஸு காணையில நின்னு, மாம்பழப்பட்டுல நின்னு, கை காட்டற எடமெல்லாம் நின்னு போவுது பாரு. என் தம்பி தாமுதான் இதுல ஏத்திவிட்டான். முன்னாடி நிக்காம போற பஸ்ஸு ஒண்ணு கெளம்பிக்கிட்டு இருந்துச்சு. "அது கூட்டம்க்கா, இதுல நிம்மதியா உக்காந்து போ"ன்னுட்டான். பாசக்காரன். அப்பா இல்லாத புள்ளைன்னு இடுப்புலயே வெச்சு வளத்தேன், அந்த நன்றி இருக்கு.

ஜோசியரைப் பாக்கப் போறேன். தாமு பொண்ணு அபிநயாவுக்கு நிறைமாசம். தலைப்பிரசவம், தாய்வீட்டுக்கு வந்திருக்கா. குழந்தையை எப்ப எடுக்கறதுன்னு நல்ல நேரம் குறிச்சு வாங்கிட்டுப் போவணும். அப்பதான் டாக்டர்கிட்ட சொல்ல முடியும். பங்குனியிலயே எடுத்துடலாம்னு தலைதலையா அடிச்சிக்கிட்டேன். வாரம் நிறையலயாம், அவசியம் இல்லயாம், டாக்டரம்மா ஒத்துக்கல. இப்ப சித்திரை பொறந்துடுச்சு. சித்திரை அப்பன் தெருவிலேன்னு சும்மாவா சொல்லி வெச்சிருக்காங்க? மாசம் போனது போச்சு, நாளும் நட்சத்திரமும் பாத்தாவது எடுத்தாத்தானே தோஷம் கொறையும்? அதுக்குத்தான் இந்த ஓட்டம். இன்னிக்குக் கரிநாளு. கரிநாளுன்னு தெரிஞ்சும் கெளம்பி வந்திருக்கேன்னா பாத்துக்கயேன்.

ஆஸ்பத்திரியில கெடந்தது அபிக்காக இல்லம்மா. அவ அம்மாவுக்காக. செண்பகம். என் தம்பி பொண்டாட்டி. கர்ப்பப்பையை எடுத்துட்டாங்க.

ரெண்டு வருஷமா அவளுக்கு உதிரப்போக்கு. கட்டி வளந்து கெடந்துச்சாம். மாசத்துல பாதி நாளு ஊத்தும். வீட்டுல எந்த மூலைக்குப் போனாலும் ஒரு வாடை. கர்மம்! நான் சோபா மேல பிளாஸ்டிக் விரிச்சு வெச்சேன். எனக்கு சுத்தம் முக்கியம். அவ எதுக்கும் ஒண்ணும் சொல்ல மாட்டா. தரையில உக்காந்துக்குவா. அப்புறம் ஒருநாள் சமையக்கட்டுல மயங்கி விழுந்தா. ஒடம்புல ரத்தமே இல்லன்னு ரத்தம் ஏத்தினாங்க. இனிமே தாங்காது, எடுத்துடணும்னாங்க.

எடுக்கறதுன்னு ஆனா வயித்தைத் தொறந்து எடுக்க வேண்டியதுதானே? அதுக்கு இவ ஒத்துக்கல. துளை போட்டு எடுக்கணுமாம். வயித்துல மூணு நாலு ஓட்டை போட்டு, காத்தடிச்சு உப்ப வெச்சு, குழாய் விட்டு டீவியில பாத்துக்கிட்டே அறுப்பாங்களாம். "தொறந்து பண்ணா மாசக்கணக்குல படுக்கை அண்ணி. துளை போட்டா சீக்கிரம் எழுந்துடுவேன். அபி பிரசவத்துக்கு நான் பக்கத்துல நிக்கணும்"னா. அவ நின்னு என்ன ஆவப்போவுது? நான் இல்லயா? அதைச் சொன்னேன்.

அந்த டாக்டரம்மாவைப் பாக்கணும் நீ. ஊதினா பறந்துடுவா, அப்படி ஒரு ஒடம்பு. செண்பகத்துக்கு ஏற்கெனவே சிசேரியன் ரெண்டு ஆயிருக்கு, உள்ள ஒட்டிக்கிட்டு இருக்கும், பாத்துத்தான் பண்ணணும்னு எங்களை உக்கார வெச்சு பாடம் நடத்தினா. என்ன ஒட்டிக்கும்னு கேட்டேன். "அப்பளக்கட்டு ஈரத்துல ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கும் பாருங்க, அவசரமா பிரிச்சா கிழியும்ல, அந்த மாதிரி"ன்னா. சரியா வரலன்னா பாதியில துளையை விட்டுட்டு வயித்தைத் தொறக்க வேண்டி வரும்னு கையெழுத்து வேற வாங்கினாங்க. நான் அன்னியில இருந்து அப்பளம் தொடல.

அன்னிக்குக் காலைல உள்ள தள்ளிக்கிட்டுப் போனாங்க. போறாங்க போறாங்க, வரவே இல்ல. அவளுக்குப் பின்னாடி உள்ள போனவ எல்லாம் வெளிய வந்துட்டா. தாமு சுவத்தைப் புடிச்சிக்கிட்டு நிக்கறான். அபி வயித்தைத் தூக்கிக்கிட்டு வராண்டாவுல நடக்கறா. நான் சொன்னேன், உக்காருடி, மாசமா இருக்கறவ இங்கெல்லாம் நிக்கக் கூடாதுன்னு. கேக்கல.

அப்புறம் கதவைத் தொறந்துக்கிட்டு ஒரு நர்ஸு வந்தா. கையில தட்டு. பச்சைத் துணி போட்டு மூடியிருக்கு. "செண்பகம் அட்டெண்டர் யாரு, வந்து பாருங்க"ன்னு கூப்பிட்டா. நான் மூத்தவளாச்சே, முன்னாடி போனேன். துணியை எடுத்தா பாரு! அடக் கடவுளே. சிவப்பும் வெளுப்புமா, கட்டி கட்டியா, அங்கங்க பிஞ்சு தொங்கிக்கிட்டு. எடுத்ததை வீட்டு மனுஷங்களுக்குக் காட்டணுமாம், அது அவங்க வழக்கமாம். ஏண்டி, நான் என்ன கறிக்கடைக்கா வந்திருக்கேன், காட்டி எடை போடறதுக்கு? எனக்குக் கண்ணு இருட்டிடுச்சு. ஓடிப் போய் வாஷ்பேசின்ல வாந்தி. அபி என்ன பண்ணா தெரியுமா? அந்தத் தட்டுகிட்ட குனிஞ்சு நின்னா. "இதுலதான் நான் இருந்தேனா"ன்னு அந்த நர்ஸைக் கேக்கறா. தொடலாமான்னு வேற கேட்டா. தூ! இந்தக் காலத்துப் பொண்ணுங்களுக்கு அருவருப்புன்னே ஒண்ணு கெடையாது.

அதுக்கு அப்புறம் டாக்டரம்மா வந்தா. தொப்பியைக் கழட்டிட்டு பெஞ்சுல சாஞ்சு உக்காந்துட்டா. தொறக்காமயே முடிச்சாச்சாம். தொப்புள்கிட்ட குடல் ஒட்டியிருக்கும்னு சந்தேகப்பட்டு, விலா எலும்புக்குக் கீழ முதல் ஓட்டை போட்டாங்களாம். உள்ள போய்ப் பாத்தா கர்ப்பப்பை வயித்துச் சுவத்தோட ஒட்டிக் கெடந்துச்சாம். மூத்திரப்பை மேல ஏறி, பழைய வெட்டுத் தழும்புலயே போய் அப்பிக்கிட்டு இருந்துச்சாம். மூத்திரப்பையில தண்ணி ரொப்பி, அது எது வரைக்கும் இருக்குன்னு எல்லை பாத்து, இழை இழையாப் பிரிச்சு எடுத்தோம்னா. செல்லுல படம் வேற காட்டினா. நான் மூஞ்சியைத் திருப்பிக்கிட்டேன்.

காட்டிட்டு சும்மா போயிருக்கலாம்ல? கேக்கறா: "இவங்களுக்கு ரெண்டு சிசேரியனும் ஏன் பண்ணாங்க? என்ன பிரச்சினை இருந்துச்சு?"

தாமு தரையைப் பாக்கறான். ஆம்பளைக்கு என்ன தெரியும்? நான்தான் சொன்னேன். ஒரு பிரச்சினையும் இல்லம்மா, ரெண்டுமே நேரம் பாத்து எடுத்ததுன்னு.

ஆமாம்மா. ஒனக்கும் சொல்றேன், இதுல ஒளிக்க என்ன இருக்கு? அபி வயித்துல இருக்கும்போது செண்பகத்துக்கு வலி எடுத்துடுச்சு. பழைய டாக்டரு நல்ல மனுஷன். "பொழுது சாயறதுக்குள்ள தானா பொறந்துடும்"னாரு. நான் பஞ்சாங்கத்தைப் பாத்தா மத்தியானத்துக்கு மேல மூலம்! ஆண் மூலம் அரசாளும், பெண் மூலம் நிர்மூலம். உள்ள இருக்கறது பொண்ணா பையனா யாருக்குத் தெரியும்? பையன்னா அரசாளுவான், சரி. பொண்ணுன்னா? எவன் கட்டுவான் அவளை? மாமனாருக்கு ஆகாதுன்னு வாசலோட திரும்பிடுவான். அதான் அப்பவே எடுங்கன்னேன். அவ கெஞ்சினாதான். "கொஞ்சம் பொறுங்க அண்ணி, எனக்கு முடியும், நான் பெத்துடுவேன்"னு என் கையைப் புடிச்சா. முடியும் முடியாதுங்கறதா பேச்சு? மூலம் பொறக்கறதுக்குள்ள எடுத்தாச்சு. பாத்தா பொண்ணு! நான் சொன்னது சரியாப் போச்சா இல்லயா?

ரெண்டாவது பையன். அவனுக்கு நாள் குறிச்சது சித்திரையில. விடுவேனா? ஜோசியர் பங்குனிக் கடைசியில ஒரு அருமையான முகூர்த்தம் குடுத்தாரு. அதுல எடுத்தோம். கொஞ்சம் பிஞ்சாத்தான் இருந்தான், கண்ணாடிப் பெட்டியில வெச்சாங்க. இவளுக்குத் தையல் பிரிஞ்சு சீழ் வெச்சுக்கிச்சு. அந்த நாத்தம் இருக்கே! ஒரு மாசம் வீட்டுல ஊதுவத்தி ஏத்தியே காலத்தை ஓட்டினேன். ஆனா இப்ப பாரு, பையன் பதினொண்ணாவது படிக்கிறான். என் தம்பி கல்லு மாதிரி இருக்கான். எல்லாம் யாரால?

இதைச் சொன்னதுக்கு அந்தப் பொண்ணு, அந்த டாக்டரு, என்னைப் பாத்த பார்வை இருக்கே. நர்ஸு தட்டைத் தொறந்தப்ப நான் எப்படிப் பாத்தேனோ அப்படிப் பாத்தா. "அறுத்த எடத்துலதாம்மா ஒட்டும். தானா பொறந்திருந்தா இவ்வளவு பாடு இல்ல"ன்னுட்டு எழுந்து போயிட்டா. எவ்வளவு திமிரு! பக்கத்துல அபி நின்னு எல்லாத்தையும் கேட்டுக்கிட்டு இருந்தா. வயித்து மேல கையை வெச்சுக்கிட்டு என்னையே பாத்தா.

என்ன முன்சீட்டுக்காரி காதைத் தீட்டிக்கிட்டு வர்றா? கேட்டுட்டுப் போவட்டும். நான் என்ன திருட்டுக்கதையா சொல்றேன்?

உனக்கும் அந்த டாக்டரு மாதிரிதான் தோணுது போல. மூஞ்சி சொல்லுது. ஒண்ணு சொல்றேன் கேளு. நான் சித்திரையில பொறந்தவ. எனக்கு நாலு வயசு, தாமு தொட்டில்ல கெடந்தான், எங்கப்பா வயல்ல மின்னல் தாக்கிப் போயிட்டாரு. எடுத்துட்டு வந்து வாசல்ல போட்டாங்க. எங்க பெரியம்மா என் தலைமயிரைப் புடிச்சு இழுத்துட்டுப் போய் அவர் காலடியில தள்ளினா. "அப்பனை முழுங்கினவளே, பாருடி"ன்னா. அன்னியில இருந்து எனக்கு மங்கையர்க்கரசிங்கற பேரு போச்சு. கொளத்துல குளிக்கப் போனா அப்பனை முழுங்கினவ. பள்ளிக்கூடத்துல அப்பனை முழுங்கினவ. வந்த வரனெல்லாம் பொறந்த மாசத்தைக் கேட்டுட்டு, காப்பியைக் குடிக்காம எழுந்து போச்சு. அந்தக் காப்பியை எல்லாம் நான்தான் சாக்கடையில ஊத்துவேன். அந்தப் பாடு என் தம்பி வீட்டுக் குழந்தைக்கு வேணுமா? சொல்லு. ஒரு வெட்டு வெட்டினா தழும்பு துணிக்குள்ள இருந்துடும். இந்தப் பேரு எங்க ஒளியும்?

சரி, விடு. கண்ணுல தூசி.

இப்ப செண்பகத்துக்கு மூத்திரத்துக்குக் குழாய் போட்டு பை தொங்குது. உள்ள மூத்திரப்பையைப் பிரிச்ச எடம் ஆறணுமாம், அதுவரைக்கும் இருக்குமாம். அதை ஊத்தறது யாரு? நான்தான். மூச்சைப் புடிச்சிக்கிட்டு ஊத்தறேன். நேத்து ஊத்தும்போது, "உங்களுக்குக் கஷ்டம் அண்ணி"ன்னா. கஷ்டந்தான். ஆனா ஒண்ணு சொல்லணும், இந்தத் தடவை அவ மனசு மாறிட்டா. இன்னிக்குக் காலைல அவளே கூப்பிட்டு, "அண்ணி, நீங்க அரகண்டநல்லூர் போய் அபிக்கு நேரம் குறிச்சிட்டு வந்துடுங்களேன்"னா. கல்யாணம் ஆயி வந்ததுல இருந்து அவ வாயால இதைக் கேட்டதில்ல. தாமுவும், "ஆமாக்கா, இப்பவே கெளம்பு"ன்னான். டாக்டரம்மா கூட கதவுகிட்ட நின்னுக்கிட்டு, "நிதானமா போயிட்டு வாங்கம்மா"ன்னா. பட்டாத்தான் புத்தி வருது எல்லாருக்கும்.

அபிதான் ஒரு மாதிரி இருந்தா. அதே ரூம்ல பக்கத்துக் கட்டில்ல படுத்திருக்கா. நேத்து சாயங்காலத்துல இருந்து இடுப்பு கடுக்குதுன்னா. வாயுவா இருக்கும்னு சீரகத் தண்ணி போட்டுக் குடுத்தேன். காலைல கட்டில் கம்பியைப் புடிச்சிக்கிட்டு நிக்கறா. பேசிக்கிட்டே இருப்பா, பட்டுனு நிறுத்திக் கண்ணை மூடிக்குவா. மூக்கு மேல வேர்வை. அப்புறம் சரியாயிடும், மறுபடி பேசுவா. கொஞ்ச நேரம் கழிச்சு மறுபடி கண்ணை மூடிக்குவா. நான் கெளம்பறப்ப, "மெதுவா வா அத்தை"ன்னு சிரிச்சா. சிரிக்கிறா, ஆனா கம்பியை விடல. செண்பகம் கட்டிலை விட்டு எறங்கி, அந்த மூத்திரப் பையைக் கையில தூக்கிக்கிட்டு, குனிஞ்சு குனிஞ்சு நடந்து போய் மக முதுகைத் தேச்சு விடறா. ஒரு கையில மூத்திரம், ஒரு கையில மக முதுகு. நான் வெளிய வந்துட்டேன்.

என்னம்மா முழிக்கிற? என்னா?

வலியா? அது பிரசவ வலியா? போம்மா. வலின்னா கத்துவாளே, ஊரைக் கூட்டுவாளே. விட்டு விட்டு வந்தா அதுதானா? உனக்கு எத்தனை? ரெண்டா? ரெண்டும் தானா பொறந்ததா? இப்படித்தான் கம்பியைப் புடிச்சியா? கண்ணை மூடிக்கிட்டியா?

நான் பெத்ததில்லம்மா. வளத்திருக்கேன், பெத்ததில்ல.

அய்யோ. இரு இரு. அப்ப இவங்க, மூணு பேரும், அந்த டாக்டரு... எல்லாம் தெரிஞ்சேவா? தெரிஞ்சேதான் என்னை ஏத்திவிட்டாங்களா? அதுவும் நின்னு நின்னு போற பஸ்ஸாப் பாத்து! அடப்பாவி தாமு! கரிநாளுடா இன்னிக்கு! இந்தப் போன்ல எது நம்பரு, எடுத்துக் குடும்மா. இல்ல, இந்தா, பாத்துட்டேன். ரிங் போவுது. எடுக்கறானா பாரு. எடுக்கல. செண்பகத்துக்குப் போடறேன். அவளும் எடுக்கல. ஊமைக் கோட்டான்! இருபத்தி மூணு வருஷமா வாயைத் தொறக்காம இருந்துட்டு இப்ப வேலையைக் காட்டிட்டா பாத்தியா? வெக்கங்கெட்டதுங்க. ஒரு வெட்டுதானே, அதுல என்னா கொறைஞ்சிடும்? இத்தனை வருஷம் அந்த வீட்டுக்கு உழைச்சேன். என்னைப் போய், நாயை விரட்டற மாதிரி...

அடிக்குது. அடிக்குது. ஹலோ! தாமு! டேய், எங்கடா போன? என்னடா பண்றீங்க எல்லாரும்? ... என்னா? ... சத்தமா சொல்லு, பஸ்ஸு எரைச்சல். ... எப்ப? ... இப்பவா? ... அறுத்தாங்களா? ... டேய், கேட்டதுக்குப் பதில் சொல்லு, அறுத்தாங்களா இல்லயா? ... தானாவா? ... செண்பகம் எங்க? ... உள்ளயா நின்னா? அந்தப் பையோடயா? ... சீ, அழாதடா. ஆம்பளை அழுவறான் பாரு. ... யாரு? குடு. ... அபி? ஏண்டி, அத்தைகிட்ட சொல்லணும்னு தோணலயா ஒனக்கு? ... ம். ... ம். ... என்னா சொன்ன? ... இன்னொரு வாட்டி சொல்லு. ... ம். வெய்யி. ரொம்பப் பேசாத, ஒடம்புக்கு ஆவாது.

பொண்ணாம்மா.

தானா பொறந்துச்சாம். கத்தி படலயாம். வெளிய வந்து தும்முச்சாம், அப்புறந்தான் அழுதுச்சாம். அபி சொல்றா: "அத்தை, உன் மாசத்துலயே பொறந்திருக்கா. முதல்ல நீதான் தூக்கணும், சீக்கிரம் வா." என் மாசமாம். எனக்குன்னு ஒரு மாசம் இருக்குன்னு இத்தனை வயசுல இப்பத்தான் ஒருத்தி சொல்றா. திருட்டுக் கழுதைங்க. என்னை ஏமாத்திட்டு, அப்புறம் தூக்கணுமாம். மாப்பிள்ளைப் பையன்கிட்ட பைக்கை எடுக்காதேன்னு சொல்லணும். மழை வந்தா வெளிய நிக்காதேன்னு சொல்லணும். சொன்னா கேப்பானா...

என்னா? யாரு பேசினது? முன்சீட்டா? திரும்பு. என் மூஞ்சியைப் பாத்துச் சொல்லு. "அடடா, சித்திரையிலயா, அப்பனுக்கு ஆகாதே"ன்னா சொன்ன? யாருடி நீ? உன்னை யாரு கேட்டா? பொறந்து தொப்புள் ஈரம் இன்னும் காயல, அதுக்குள்ள அந்தக் குழந்தைக்குப் பேர் வெக்கிறியா? அது யாரையும் முழுங்கல. நாலு வயசுப் புள்ளைக்கு என்னாடி தெரியும், மின்னல் எங்க விழுதுன்னு? இன்னொரு தடவை அந்தப் பேச்சு உன் வாயில இருந்து வரட்டும், நாக்கை இழுத்து வெச்சு அறுத்துடுவேன். நேரம் காலம் எதுவும் பாக்க மாட்டேன்.

தள்ளும்மா, வழி விடு. கண்டக்டர்! விசிலை ஊதுப்பா. நான் எறங்கணும், விழுப்புரம் போற பஸ்ஸு இங்க எந்தப் பக்கம் நிக்கும்?